பேர் வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும்

ஒரு பெரிய நாட்டின் தூதர்கள், தாங்கள் போய் உட்கார்ந்த ஊர்களிலிருந்து தலைநகரத்துக்கு எழுதி அனுப்பிய இரகசியச் செய்திகளெல்லாம் மொத்தமாக வெளியே கொட்டிவிட்டன என்று வானொலியில் சொன்னபோது, நான் பங்களாவில் திரைச்சீலை துவைத்துக்கொண்டிருந்தேன். எந்த மந்திரியை எந்தத் தூதர் என்னவென்று எழுதினார், சிரித்துக் கை குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய் யாரைப் பற்றி யார் என்ன சொன்னார் என்று செய்தி வாசித்த பெண் மூச்சுவிடாமல் அடுக்கினாள். எனக்கு அதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதி எங்கள் தோட்டத்து லய வீடுகளின் குழாயடிப் பேச்சாகத்தான் இருந்தது. இதற்காகவா கோட்டு போட்டுக்கொண்டு கடல் தாண்டி வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு சோப்பைத் தேய்த்தேன்.

நான் வேலை பார்த்தது கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, ரோடு முடிகிற இடத்தில் இருக்கும் பழைய துரை பங்களாவில். துரைமார் காலம் போன பிறகு ஒரு வெளிநாட்டுத் தூதரகம் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. கோலாலம்பூர் வெயில் தாங்காத அவர்களுடைய ஆட்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவார்கள், ஞாயிறு காலை பசியாறிவிட்டு இறங்கிப் போவார்கள். சமையல், படுக்கை, பூச்செடி எல்லாம் என் பொறுப்பு. பின்கட்டில் எனக்கு ஒரு சின்ன வீடு. ஊரில் எனக்குப் பங்களாக்கா என்று பெயர். இரகசியம் வெளியான அந்தப் பெரிய நாடு வேறு, எங்கள் பங்களாவை எடுத்திருந்த நாடு வேறு. அது சின்ன நாடு. வரைபடத்தில் விரலை வைத்தால் மறைந்துவிடும். ஆனால் இந்த வித்தியாசத்தை ஊருக்கு எடுத்துச் சொல்ல என்னால் கடைசிவரை முடியவில்லை.

அன்றைக்கே தூதரக ஆபீசிலிருந்து போன் வந்தது. விருந்தாளிகள் வருவதைப் பற்றி எப்போதும் என்னிடம் பேசுகிற தமிழ்ப் பையன்தான்.

"அக்கா, கொஞ்ச நாளைக்கு யாரும் மேல வர மாட்டாங்க. இங்க எல்லாருக்கும் லீவு கட். தங்களப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு தேடிப் படிக்கிறதுலயே எல்லாரும் பிசி."

"நான் என்னா செய்யணும்?"

"ஒன்னும் செய்யாதீங்க. யாரு வந்து கேட்டாலும் எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"எனக்கு ஒன்னும் தெரியாதேப்பா."

"அதான்லா. அப்படியே சொல்லுங்க. நல்லா சொல்றீங்க."

உண்மையிலேயே எனக்கு ஒன்றும் தெரியாது. என் இங்கிலீஷ் சமையற்கட்டைத் தாண்டாத இங்கிலீஷ். சூப், டோஸ்ட், வெந்நீர், குட்நைட். முக்கியமான பேச்சு என்றால் அவர்கள் எழுந்து தேயிலைக்குள் நடக்கப் போய்விடுவார்கள். ஒரு தடவை ஒரு அம்மாள் ஹைட்ரேஞ்சாச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுததைப் பார்த்திருக்கிறேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அழுகிறவர்களைப் பற்றி ஊரில் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. ஏனென்றால் எனக்கும் அப்படி ஒன்று இருந்தது.

என் மகன் என்னோடு பேசுவதில்லை.

சிங்கப்பூரில் வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜொகூரில் வீடு எடுத்துத் தங்கியிருந்தான். அவன் அப்பா தவறிப்போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசிக்கொண்டிருந்தவன், மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு, பிறகு ஒரேயடியாக நிறுத்திவிட்டான். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? நான் கூப்பிட்டால் மணி அடிக்கும். அடித்து அடித்து ஓயும். நம்பரை மாற்றவில்லை என்பதை நினைத்து நான் சந்தோஷப்பட்ட நாளெல்லாம் உண்டு.

இதை ஊருக்கு நான் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது யாராவது ஒருத்தி கேட்பாள்: "தம்பி பேசினானாக்கா?" நான் சொல்வேன்: "பேசினான். நல்லாயிருக்கான்." பிறகு அதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கவும் கற்றுக்கொண்டேன். ஒரு வாரம் அவனுக்குச் சளி பிடித்திருக்கும். ஒரு வாரம் ஓவர்டைம் அதிகமாக இருக்கும். சூப்பர்வைசர் ஒருவன் அவனைப் படுத்துவான், பிறகு அந்த சூப்பர்வைசரே மாற்றலாகிப் போவான். பொய்தான், வேறு பேர் சொல்ல முடியாது. ஆனால் அதைச் சொல்கிற கொஞ்ச நேரம் எனக்கு மகன் இருந்தான். அந்தக் கேள்விக்காகவே நான் கோயிலுக்குப் போனேன் என்று சொன்னால் போதகர் வருத்தப்படுவார். வாரம் முழுக்க மலையுச்சியில் தனியாக இருந்துவிட்டு வருகிறவளுக்கு அந்தக் கேள்விதான் பெரிய காரியம்.

உண்மையைச் சொல்லாததற்கு இன்னொரு காரணம், எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். வாரம் ஒரு வீட்டில் முறைவைத்து நடக்கும். பாட்டும் வசனமும் முடிந்த பிறகு ஆளாளுக்கு ஜெபக்குறிப்பு சொல்வார்கள். யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று. அங்கேதான் எங்கள் ஊரின் இரகசியமெல்லாம் வெளியாகும். பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள், அது பாவம். "கீழ் லயத்துல ஒரு பொம்பளப் புள்ள, ராத்திரி பாசார்ல ஒரு பையனோட மோட்டர் சைக்கிள்ல சுத்துது. பேர் வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும். அப்பா காய்கறி லோரி ஓட்டுறாரு. ஊதா லோரி." உடனே எல்லாரும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபிப்பார்கள். மறுநாள் காலைக்குள் கியா பார்ம் ஸ்ட்ராபெரிக் கடைவரை ஜெபம் நடந்துகொண்டிருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள் என்பதால் நான் அந்தக் கூட்டங்களுக்கு அநேகமாகப் போனதில்லை. என் வீட்டு முறை வரும்போதும், மேலே ரோடு வழுக்கும் என்று சொல்லி வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். விருந்தாளிகள் இல்லாத வெள்ளிக்கிழமைகளிலும் அந்த ரோடு வழுக்கியது.

விருந்தாளிகள் வராமல் போனதும் பங்களா சத்தம் இல்லாமல் கிடந்தது. துடைத்த அலமாரியையே திரும்பத் துடைத்தேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ரொட்டி வாங்கப் போகிற சாக்கில் பிரிஞ்சாங் டவுனுக்கு இறங்கினேன்.

பாயின் தேத்தண்ணிக் கடையில் எப்போதும் போல ஓரமாக உட்காரப் போனேன். கல்லாவில் இருந்த பாய் எழுந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்காக எழுந்ததில்லை.

"பங்களாக்கா, உள்ள வாங்க. இந்த மேசையில உக்காருங்க. டேய், அக்காவுக்குத் தேத்தண்ணி, சாயம் தூக்கலா, கடுப்பமா."

மேசையில் பேப்பர் விரித்துக் கிடந்தது. லோரிக்காரர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து உலக விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதினவர்கள் செய்தது தப்பா, வெளியே விட்டவன் செய்தது தப்பா என்று சண்டை. அவனைத் தூக்கில் போட வேண்டும் என்றார் ஒருவர். மாலை போட வேண்டும் என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்.

"பெரிய மனுசனுங்களும் நம்மள மாதிரி கோள் சொல்றவனுங்கதான்லா," என்று பாய் சந்தோஷமாகச் சொன்னார். "இங்க என் கடையில ஒருத்தனுக்கு ஒருத்தன் என்னா பேசுறானோ, அதையேதான் அவனுங்களும் டைப் அடிச்சு அனுப்பியிருக்கானுங்க."

லெம்பா பெர்த்தாமிலிருந்து கோஸ் ஏற்றி வந்திருந்த ஒருவருக்குத்தான் மனசு ஆறவில்லை. "எல்லாத்தையும் எழுதியிருக்கான். கேமரன்ல சகதி வந்து தோட்டம் அழியுறதப் பத்தி ஒரு வரி எழுதினானா? நாமல்லாம் அவனுக்குக் கணக்குலயே இல்ல."

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க பங்களாவுல என்னா பேசுவானுங்க?"

"எனக்கு ஒன்னும் தெரியாதுப்பா," என்றேன். சொல்லிக்கொடுத்தபடியே வந்தது.

பாய் மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பாத்தீங்களா? அக்கா சொல்ல மாட்டாங்க. தெரிஞ்சவங்க அப்படித்தான்."

எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்? தெரியாதவளைத் தெரிந்தவளாக ஊரே சேர்ந்து ஆக்கினால் நான் என்ன செய்ய? தேத்தண்ணியை மெதுவாக, ரொம்ப மெதுவாகக் குடித்தேன்.

அந்த ஞாயிறு ஆலய வாசலில் என்னைச் சுற்றிக் கூட்டம். தம்பியைப் பற்றி வழக்கமான கேள்வி வந்தது, வழக்கமான பதிலைச் சொன்னேன். பிறகு சபைச் செயலாளரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். சபையில் எந்த ஜெபத்தையும் முடித்துவைக்கிற உரிமை அவளுக்கு. நீளமாக, கண்ணீரோடு, எதையும் விடாமல் ஜெபிப்பாள். ஆண்டவருக்கே மறந்துபோனதை ஞாபகப்படுத்துவாள்.

"அக்கா, இந்த வெள்ளிக்கெழம ஜெபம் உங்க வீட்டுல வச்சிக்கலாமா? பாவம், நீங்களும் தனியா இருக்கீங்க."

"ரோடு வழுக்குமே," என்றேன். எனக்கும் நாக்கு சும்மா இருக்காது.

"கர்த்தர் பாத்துக்குவாருக்கா."

வெள்ளிக்கிழமை அந்த வருஷத்திலேயே இல்லாத மழை. சபை வேன் சேற்றில் திணறி மேலே ஏறி வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பழைய லேண்ட்ரோவர், அதிலும் ஆட்கள். என் சின்ன வீடு கொள்ளவில்லை. கட்டிலில், படியில், அடுப்பங்கரை வாசலில் எல்லாம் உட்கார்ந்தார்கள். நான் காலையிலிருந்து அரிசிச் சேமியா மீகூன் பிரட்டி, வடை சுட்டு வைத்திருந்தேன். வாசலில் குவிந்து கிடந்த ஈரச் செருப்புகளை ஜோடி ஜோடியாக எடுத்து அடுக்கினேன். அவர்கள் என்னைப் பார்க்க வரவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாட்டைச் சீக்கிரம் முடித்தார்கள். வசனத்தை அதைவிடச் சீக்கிரம் முடித்தார்கள். மற்றவர்களின் ஜெபக்குறிப்புகள் ஓட்டமாக ஓடி முடிந்தன. பிறகு எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

"அக்கா, மனசுல ஏதாச்சும் பாரம் இருந்தா சொல்லுங்க," என்றாள் செயலாளர் மனைவி. "கேட்டத எல்லாம் உள்ளயே வச்சிக்கிட்டு இருந்தா உடம்புக்கு ஆகாது."

"அவங்க பேசுறது எனக்குப் புரியாதும்மா."

"பேர் வேண்டாங்க்கா. எந்த மந்திரின்னு சொல்ல வேண்டாம். எந்த மாநிலம்னு மட்டும் சொன்னா போதும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஏதாவது ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லிப் பழகியவள்தானே. ஒரு மந்திரி, ஒரு நிலம், ஒரு பெண். அடுத்த வெள்ளிக்கிழமையும் இவர்கள் மழையில் ஏறி வந்திருப்பார்கள். வாய்வரை வந்தது. ஆனால் அந்த ஹைட்ரேஞ்சாப் பக்கத்தில் உட்கார்ந்து அழுத அம்மாளின் முகம் எதற்கோ ஞாபகத்துக்கு வந்து, நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஒன்னும் இல்ல. எல்லாம் ஆண்டவர் கிருபையில நல்லாயிருக்கேன்," என்றேன்.

ஏமாற்றம் அறை முழுக்கப் பரவியது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். சரி, முடித்து ஜெபிப்போம் என்று செயலாளர் மனைவி கண்ணை மூடினாள். எல்லாரும் தலை குனிந்தோம். அவள் வழக்கம்போலத் தேசத்துக்காக, மழைக்காக, வியாதிக்காரர்களுக்காக ஜெபித்துக்கொண்டே வந்தாள். குரல் உயர உயர வேகம் கூடியது. ஜெபத்தில் இறங்கிவிட்டால் அவளுக்கு எந்த வீட்டில் நிற்கிறோம் என்பதே மறந்துவிடும்.

"மேல தனியா இருக்கிற எங்க பங்களாக்காவ உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே. பெத்த தாயோட பேசாம இருக்கிற அந்த மகனோட இருதயத்த உடையும் ஆண்டவரே. அவன போன எடுக்க வையும் ஆண்டவரே. பேசினான் பேசினான்னு வாரா வாரம் சொல்லிக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்க வெக்கப்பட்டுப் போகாதபடி காத்துக்கொள்ளும் ஆண்டவரே."

"ஆமென்," என்றார்கள் எல்லாரும்.

நானும் சொன்னேன். கண்ணை மூடியிருந்தேன், மற்றவர்கள் சொன்னார்கள், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் காதில் விழுந்தது மண்டைக்குள் போனது.

என்னைச் சுட்டது ஜெபம் அல்ல, அந்த ஆமென். யார் சொல்லித் தெரிந்ததோ, ஒருவருக்கும் அது புதுச் செய்தியாக இல்லை. ஒருவரும் திடுக்கிடவில்லை. எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும், நான் யாருக்கோ சூப் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு வீட்டில் இந்த ஜெபம் ஏறெடுக்கப்பட்டு, இந்த ஆமென் சொல்லப்பட்டு, அதன் பின் வடை சாப்பிட்டிருக்கிறார்கள். ஞாயிறு வந்ததும் அதே வாயால், "தம்பி பேசினானாக்கா?" சளிக்கு நாட்டு மருந்துகூடச் சொன்னார்களே. நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு நிற்க, ஊரே அதைப் பார்த்துக்கொண்டு, சோறு நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறது.

செயலாளர் மனைவி கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"எல்லாரும் சாப்பிடுங்க, மீகூன் ஆறிப் போயிடும்," என்றேன்.

சாப்பிட்டார்கள். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். மந்திரியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. மழை விடுவதற்கு முன்பே வேன் கிளம்பிவிட்டது. மிச்சமிருந்த வடையை மூடிவைத்துவிட்டு, தண்ணீர் சூடாவதற்குக்கூடக் காத்திராமல் கோப்பைகளை ஐஸ் மாதிரியான குழாய்த் தண்ணீரிலேயே கழுவினேன். அழுகை வந்தது. கோபம் வந்தது. கோபத்தில் ஒரு கோப்பையின் காது உடைந்தது.

பேப்பரில் படம் போட்டிருந்த மந்திரிகளை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். கடையில் எல்லாரும் எழுதினவர்களைப் பற்றித்தான், அந்தத் தூதர்கள் எப்படிப்பட்ட வேஷக்காரர்கள் என்றுதான் பேசினார்கள். எழுதப்பட்டவனைப் பற்றி யாரும் பேசவில்லை. அவனும் மறுநாள் காலை எழுந்து, சட்டை மாட்டி, அதே ஆளுக்குக் கை கொடுக்க வேண்டும். என்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும் என்று சிரிக்க வேண்டும். நாட்டுக்கு நாடு என்றால் அதற்குக் கொடி, விருந்து எல்லாம் இருக்கிறது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் பழைய சேலையும் குடையும்தான் இருந்தது.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போகாவிட்டால் எங்கே போவது? அந்த வீட்டில் என்னோடு பேச ரேடியோவைத் தவிர யார்?

போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தேன். எல்லாரும் பேசினார்கள், அன்பாகத்தான் பேசினார்கள். குளிர் அதிகமா என்றார்கள். கோஸ் விலையைச் சொன்னார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்றார்கள். தம்பி பேசினானா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அது இப்படி வலிக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. அவன் போனை எடுக்காதபோதுகூட எனக்கு அவன் இப்படி இல்லாமல் போனதில்லை. கேட்பதற்கு ஆள் இருந்தவரை, பொய்யாகவாவது அவனுக்குச் சளி பிடித்தது, அவன் வேலைக்குப் போனான், வந்தான். இரக்கப்பட்டுக் கேள்வியை நிறுத்திவிட்டார்கள். அதோடு அவனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

செயலாளர் மனைவி ஆலயக் கேட்டுக்குப் பக்கத்தில் வேனுக்காகத் தனியாக நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். நான் நேராகப் போய் அவளுக்கு முன்னால் நின்றேன்.

"தம்பி நேத்து பேசினான்," என்றேன்.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ஏதோ மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று பயந்துபோனேன். கேட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அவள் கேட்கவில்லை. கைப்பையை மூடினாள்.

"அப்படியாக்கா? நல்லாயிருக்கானா?"

"நல்லாயிருக்கான். வேலதான் அதிகமாம்."

"உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க."

"சொன்னேன்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, இத்தனை வருஷமாக யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள்.

"அங்க அவனுக்கு யாருக்கா சமைக்கிறாங்க?"

அதற்கு நான் பதில் எதுவும் செய்து வைத்திருக்கவில்லை.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். வேன் வரும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.